தேசிக்காய் மிதக்கும், டீச்சர்!

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் தங்கச்சியின் மகள் ஷிஃபானா இன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து ஒரு விஷயம் கேட்டாள். அவள் போன கையோடு எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கிண்ணியாப் பாலத்தின் மேல் காலை வெயில் பொன்னாக..." (விட்டேன். பாலத்தில் வீசுவது மீன் லொறி நாற்றம்.)

2

ஷிஃபானா ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறாள். போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், நான்காம் வகுப்பின் பின்னால் இருந்து, டீச்சர் படிப்பிப்பதைப் பார்த்து எழுதினாள். என் பேத்தி ஸஹ்ராவும் அதே வகுப்புத்தான். உம்மா குவைத்தில், பிள்ளை என்னோடு.

ஒருநாள் பயிற்சிக் கல்லூரியின் விரிவுரையாளர் சேரும் பார்க்க வந்தார். பாடம்: எது மிதக்கும், எது தாழும். மேசையில் தண்ணீர் பேசின். டீச்சர் பைக்குள் கையை விட்டதுதான், ஸஹ்ரா எழும்பிக் கத்தினாள்:

"தேசிக்காய் மிதக்கும், டீச்சர்!"

தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், இன்னும் பைக்குள் இருந்தது.

முந்தின நாளே பிள்ளைகளுக்குக் கேள்வியையும் விடையையும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்.* சேர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஸஹ்ராவுக்கு இடம் கடைசி வாங்கில். பட்டம், முந்திரிக்கொட்டை.

(* நாடகக்காரர் செய்தால் ஒத்திகை. பள்ளிக்கூடம் செய்தால் மாதிரிப் பாடமாம்.)

3

இந்த இடத்தில் ஷிஃபானாவை நல்லவளாக எழுதியிருந்தேன். அன்று அவள் கொதித்துப்போய்த்தான் வந்தாள்.

"புள்ளைகள ஏமாத்துறாங்க மாமா. நான் டீச்சரானா இப்படிச் செய்யவே மாட்டன்."

"அத எழுதிக் குடுத்தியா?"

"விசரா மாமா? எனக்குக் கையெழுத்து வைக்கிறதே அந்த டீச்சர்தானே. 'மாணவர் ஆர்வத்தோடு பங்குபற்றினர்' எண்டு எழுதினன்."

"அது மெய்தான். பை திறக்க முந்தியே பங்குபற்றினாளே."

இருவரும் சிரித்தோம். (இந்தச் சிரிப்பை வெட்டவேண்டும். கை வரவில்லை.)

4

இன்றைக்கு வந்தவள் கதிரையில் இருக்கவில்லை. நாளைக்கு அதே வகுப்பில் அவளுடைய பாடம். காந்தம். சேர் புள்ளி போடுவார். விழுந்தால் இன்னொரு வருடம் பயிற்சி.

"மாமா, நாளைக்கு மட்டும் ஸஹ்ராவ அனுப்பாதீங்க. காய்ச்சல் எண்டு சொல்லுவம்."

"ஏன், நீயும் புள்ளைகளுக்கு விடையப் பாடமாக்கிட்டியா?"

"எல்லாரும் செய்றதுதான். அவள்ட வாய் நிக்காது."

"சரியான விடையத்தானே சொல்லுவாள்? அதுக்கா புள்ள வீட்ட இருக்கிற?"

"என்ட வாழ்க்கை மாமா! உங்களுக்குப் படிப்பப் பத்தி என்ன தெரியும்?"

போய்விட்டாள். தேத்தண்ணி அப்படியே இருந்தது.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஸஹ்ராவை அனுப்புகிறேன். அவள் கத்துகிறாள். ஷிஃபானா விழுகிறாள், தங்கச்சி என் வாசலுக்கு வந்து... (போதும்.)

ஷிஃபானா மனம் மாறிப் புதுப் பாடம் படிப்பிக்கிறாள். (பொய். ஒரே இரவில் திருந்திய ஆளை நான் கண்டதில்லை.)

பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறேன். (இதை எழுதும்போதுதான் பேனையை எறிந்தேன்.)

ஸஹ்ரா வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக்கு வெள்ளை பூசுகிறாள். "ஆணி ஒட்டும், அழிறப்பர் ஒட்டாது" என்று முணுமுணுக்கிறாள். நாளைக்கு ஷிஃபானா மாமியின் பாடத்தில் அவள்தான் முதலில் கை தூக்குவாளாம். மாமிக்குச் சந்தோஷமாக இருக்குமாம்.

முடிவு வேண்டுமா உங்களுக்கு? நீங்களும் ஒரு டீச்சராக இருக்கலாம், எனக்கென்ன தெரியும். எழும்பி வாருங்கள். உனக்குக் காய்ச்சல் என்று அவளிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.