இரண்டு ரேசர்களும் ஒரு முகமும்

அரைமுகம் என்பதுதான் அவருக்கு நிலைத்த பெயர். பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் உறங்கிக்கொண்டிருந்தது. ரேசர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக அவர் பார்த்துவந்த வேலை, தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்வது. இடக்கன்னத்தை ஒரு ரேசரால் மழிப்பார். வலக்கன்னத்தை மற்றொன்றால் மழிப்பார். எது ஒட்ட மழிக்கிறது, எது தோலை வருத்தாமல் போகிறது என்று எழுதித் தருவார். ஆகையால் வீட்டில் அவர் மழித்துக்கொண்டதே இல்லை. இரண்டு நாள் தாடியோடு வேலைக்கு வந்து, வெந்நீர்த் துணியை முகத்தில் ஒற்றி, தூரிகையால் நுரையேற்றி, முடி வளரும் போக்கில் ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் மழிப்பார். பின்னர்ப் பஞ்சைக் கன்னத்தின்மேல் இழுப்பார். இழை சிக்கினால் முடி மிச்சமிருக்கிறது என்று பொருள். படிகாரக் கட்டியைத் தேய்ப்பார். எரிந்தால் தோல் போயிற்று என்று பொருள். கடைசியாக ஒற்றுத்தாளை வைத்து இரத்தப் புள்ளிகளை எண்ணுவார்.

"நாமெல்லாம் வேர்வை சிந்திச் சாப்பிடறோம், அவர் ரத்தம் சிந்திச் சாப்பிடறார்" என்று முலாம் பூசும் பகுதியிலிருந்த முலாம்காரர் சொல்வதுண்டு. அரைமுகம் அதற்குச் சிரித்ததில்லை. சிரித்தால் வெட்டு விரியும்.

அதே தொழிற்சாலையில் அச்சு வெட்டும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவன் அவருடைய மனைவியின் தம்பி. கைத்திறம் மிக்கவன், ஆத்திரக்காரன். கடைசல் வேலைக்காரர் ஒருவரின் இரண்டு பற்களை ஒரே குத்தில் உதிர்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் மூன்றாவதையும் உதிர்த்தவன். புதிய ரேசர் ஒன்றின் தலைக்கு அச்சு வெட்டுவதில் அவன் பதினான்கு மாதங்களைச் செலவிட்டிருந்தான். முதலாளியோ வெளியாள் ஒருவரிடமிருந்தும் ஒரு மாதிரியை வரவழைத்திருந்தார். இரண்டையும் மூன்று முறை சோதிக்க வேண்டும். ஒரு முறை தகாதது என்று வந்தாலும் அந்த ரேசர் தோற்றதாகும். தோற்றதன் அச்சைச் சம்மட்டியால் உடைத்துவிட வேண்டும். மைத்துனனுடையது தோற்றால் அச்சுக் கொட்டகையையே பூட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் இரண்டு சோதனைகளிலும் மைத்துனனின் ரேசரே ஒரு படி மேலாக நின்றது. மூன்றாம் முறை, அதை வலக்கன்னத்தில் ஓட்டியபோது, நேர்மாறாயிற்று. அரைமுகம் கண்டதைக் கண்டபடி எழுதினார்: "வலக்கன்னம்: பதினொரு வெட்டு. பிளேடு துள்ளுகிறது. விற்பனைக்குத் தகாது."

மறுநாள் காலை பத்து மணிக்கு மைத்துனன் அந்தத் தாளோடு சோதனை அறைக்குள் வந்து கதவைத் தாழிட்டான். அரைமுகம் நேற்றைய வெட்டுகளுக்கு ஒத்தடமிட அடுப்பில் வெந்நீர்க் கெண்டியை வைத்துவிட்டுக் கண்ணாடிமுன் நின்றிருந்தார்.

"மாமா, இதை நீங்கதான் எழுதினீங்களா?"

"என் கையெழுத்து உனக்குத் தெரியாதா, மச்சான்?"

"ரெண்டு தடவை ஒரு கீறல் இல்லை. மூணாவது தடவை பதினொண்ணா? வெளியாளு உங்களைக் கவனிச்சுட்டானோ?"

"வாயை அளந்து பேசு. தாள்ல இருக்கிறது என் ரத்தம். யார்கிட்டயும் இரவல் வாங்கலை."

"பொண்ணு குடுத்த வீட்டுக்கே குழி பறிக்கிறீங்க."

"உன் அக்காவைக் கேட்டுக்கிட்டா நான் சவரம் பண்ண முடியும்?"

அந்தச் சொல் முடியுமுன் குத்து விழுந்தது. தாடையில் விழுந்த குத்தில் அரைமுகத்தின் பின்மண்டை கண்ணாடியில் மோதியது. கண்ணாடி நடுவில் பிளந்து, ஒரு துண்டு அவருடைய தோளைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்தது. அவர் நிமிர்வதற்குள் மைத்துனன் அவருடைய முடியைப் பற்றி நெற்றியைக் கைகழுவும் தொட்டியின் விளிம்பில் இடித்தான். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. புருவம் வெடித்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. வாயில் ஏதோ கூழாங்கல்போல் உருண்டது. துப்பியபோதுதான் அது தம் கடைவாய்ப் பல் என்று அவருக்குத் தெரிந்தது.

பதினெட்டு ஆண்டுகள் அசையாமல் நின்று வெட்டுப்பட்ட மனிதர் அப்போது அசைந்தார். முழங்காலால் மைத்துனனின் வயிற்றில் இடித்தார். அவன் மடங்கி அடுப்பு மேடையில் கையூன்றிய கணத்தில், கொதிக்கும் கெண்டியை எடுத்து அந்த வலக்கையின்மேல் கவிழ்த்தார். தவறிக் கவிழ்க்கவில்லை, குறிபார்த்தே கவிழ்த்தார். அச்சு வெட்டும் கை அது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தோல் வெளுத்து, மணிக்கட்டுவரை உப்பிக் கொப்புளித்தது.

மைத்துனன் கத்தவில்லை. தோளால் இடித்து அவரைத் தரையில் தள்ளி, மார்பில் முழங்காலை அழுத்திக்கொண்டு, மேடையிலிருந்த தன் ரேசரை இடக்கையால் எடுத்தான்.

"எங்கே துள்ளுது? காட்டுங்க. இப்பக் காட்டுங்க."

நுரையுமில்லை, நீருமில்லை. காதோரத்திலிருந்து தாடைவரை வறண்ட கன்னத்தில் இழுத்தான். நேற்றைய வெட்டுகளின் பொருக்கு பிளேடோடு வந்தது. இரண்டாம் இழுப்பில் சதை திறந்தது. அரைமுகத்தின் தொண்டையிலிருந்து எழுந்த ஓசை மனித ஓசையாக இல்லை.

மூன்றாம் இழுப்புக்கு உயர்ந்த கை நின்றது. ஆத்திரக்காரனேயானாலும் அவன் தொழில் தெரிந்தவன். கருவி தோலின்மேல் எவ்வாறு செல்கிறது என்பதை அவனுடைய விரல்கள் அறியும். இடக்கையானாலும், வறண்ட தோலானாலும், நல்ல ரேசர் இப்படி எகிறாது.

"துள்ளுது" என்றான், தனக்குத்தானே. "நெசமாவே துள்ளுது."

ரேசரை மேடைமேல் வைத்துவிட்டு எழுந்தான். அதற்குள் முலாம்காரரும் வேறிருவரும் கதவை உடைத்து வந்து அவனைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார்கள். ஒருவர் அவன் வயிற்றில் இரண்டு குத்தும் விட்டார். அவன் தடுக்கவில்லை. பின்னால் வந்த மேலாளர், அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகவும் பன்னிரண்டு மணிக்கு அச்சு உடைக்கப்படும் என்றும் சொன்னார்.

"வேற யாரும் அதைத் தொட வேண்டாம், சார்" என்றான் மைத்துனன். "நானே உடைச்சுட்டுப் போறேன். இடது கை போதும்."

தொழிற்சாலை மருத்துவர் வந்து அரைமுகத்தின் கன்னத்தில் ஒன்பது தையல் போட்டார். முலாம்காரர் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு மச்சானே அடியையும் சேர்த்துக் குடுத்துட்டான். போலீஸுக்கு எழுதிக் குடுங்க, அண்ணே. நாங்க மூணு பேர் சாட்சி. வெந்நீரைப் பத்தி யாரும் வாயைத் திறக்க மாட்டோம்."

"தாள் எடுத்துட்டு வாங்க" என்றார் அரைமுகம். வீங்கிய வாயிலிருந்து சொற்கள் நசுங்கி வந்தன.

முலாம்காரர் தாள் தேடப் போனார். இரத்தம் படிந்த ரேசர் கண்ணெதிரே கிடந்தது. அழுக்கு ரேசரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அரைமுகத்தால் இயலாது. கைப்பிடியைத் திருகித் தலையைக் கழற்றி நீரில் கழுவினார். பிளேடைத் தாங்கும் அடித்தட்டின் உட்புறத்தில், மைத்துனன் தன் ரேசரின் எல்லாப் பாகங்களிலும் அடையாளமாகக் குத்தும் புள்ளி இருந்தது. பிளேடை மேலிருந்து அழுத்தும் மேல்மூடியைத் திருப்பிப் பார்த்தார். புள்ளி இல்லை.

தொட்டியருகே நின்ற மற்ற ரேசரையும் கழற்றினார். வெளியாளுடைய கைப்பிடி, வெளியாளுடைய அடித்தட்டு, மேல்மூடியில் மட்டும் புள்ளி.

மூன்றாம் சோதனைக்கு முன்பு சோப்புப் பிசுக்கு நீங்க இரண்டையும் பிரித்து ஒரே கிண்ணத்தில் ஊறவைத்தது அவருக்கு நினைவு வந்தது. பூட்டும்போது மூடிகள் மாறியிருக்கின்றன. ஒரு ரேசர் வைத்திருக்கும் எவனும் செய்ய முடியாத பிழை. இரண்டை வைத்துப் பிழைக்கிறவர் மட்டுமே செய்யக்கூடியது. வேறு மூடி பொருந்தாமல் பிளேடைத் தூக்கிவிட்டது, ஆகவே துள்ளியது. இடக்கன்னம் அவ்வளவு சுகமாக மழிந்ததற்குக் காரணமும் மைத்துனனின் மூடிதான்.

அவருக்கு முதலில் தோன்றியது மகிழ்ச்சியன்று, வருத்தமுமன்று. யாரும் பார்க்கவில்லை என்பதே. முலாம் பகுதியில் அமிலத் தொட்டி இருந்தது. மூடிகள் இரண்டையும் அதில் போட்டால் மாலைக்குள் கரைந்துபோகும். கன்னத்தின் ஒன்பது தையல்களும் அதையே செய்யச் சொல்லித் துடித்தன. மார்பில் முழங்கால் அழுத்திய இடம் மூச்சுக்கு மூச்சு வலித்தது. அவன் கொட்டகையைப் பூட்டட்டும், சிறைக்கும் போகட்டும், ஒருவர் முகத்தைக் கிழித்தவனுக்கு அது மிகையில்லை. மூடிகளைக் கைக்குள் இறுக்கினார். விளிம்பு உள்ளங்கையில் பதிந்தது.

"நானே உடைச்சுட்டுப் போறேன்" என்று சொன்னபோது அவன் அச்சைப் பற்றிப் பேசவில்லை என்று இப்போது அவருக்குப் பட்டது. தன் கையில் இனி ஒன்றுமில்லை என்று நம்பிவிட்ட குரல் அது. அந்த நம்பிக்கையைக் கொடுத்தது அவருடைய தாள்.

முலாம்காரர் தாளும் பேனாவுமாய்த் திரும்பி வந்தார். "நீங்க சொல்லச் சொல்ல எழுதறேன், அண்ணே. கதவைத் தாழ்ப்பாள் போட்டதிலேருந்து ஆரம்பிக்கட்டுமா?"

"புகாரைப் பிற்பாடு எழுதலாம். கண்டிப்பா எழுதலாம். வெந்நீரையும் சேர்த்து எழுதணும்."

"அப்ப இந்தத் தாள் எதுக்கு?"

"மூணாவது சோதனை தப்புன்னு எழுதறதுக்கு. மூடியை மாத்திப் பூட்டினது நான்."

முலாம்காரர் அவருடைய கன்னத்தையும் கையிலிருந்த மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "யோசிச்சுத்தான் பேசறீங்களா? இது வெளியே வந்தா, நாளைக்கு உங்க அறிக்கையை எவன் நம்புவான்?"

"நம்ப மாட்டாங்க."

முலாம்காரர் பேனாவை மூடினார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அரைமுகம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான் அச்சுக் கொட்டகைக்குப் போய்ச் சொல்லிடறேன்" என்றார்.