நாலு புக்மார்க்

பல் பிடிக்காத ஜிப்பை அவள் பிடுங்கிப் போடமாட்டாள். ஜிப்பின் தலையை இடுக்கியால் இரண்டு பக்கமும் லேசாக அழுத்துவாள். தளர்ந்த தலை இறுகியதும் பற்கள் தாமாகக் கோத்துக்கொள்ளும். அதனால்தான் ஜிப்புக்காரி என்று பெயர். அந்த வேலையைப் படத்தோடு விளக்கி ஓர் இணையதளமும் வைத்திருந்தாள். அதில் சொந்தப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. அடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல் மகளைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

தளத்துக்கு ஒரு நாளைக்கு ஏழு பேர் வந்தார்கள்.

"அதுல நாலு பேரு நீதான்" என்றாள், அதே அறையில் மிஷின் போட்டிருக்கும் தையல்காரி.

ஆள் சேர்க்க ஜிப்புக்காரி கண்டுபிடித்த வழி சோஷியல் புக்மார்க்கிங். பிடித்த பக்கங்களின் முகவரியை நம் கணினிக்குள்ளேயே குறித்து வைப்பதற்குப் பதிலாக, ஊரே பார்க்கிற பலகையில் ஒட்டிவைப்பது. பார்ப்பவருக்குப் பிடித்தால் தம் பலகைக்கு எடுத்துக்கொள்வார். அதைப் பார்த்து இன்னொருவர். இப்படிப் பலகை பலகையாகத் தாவித்தான் ஒரு பக்கம் ஊர் சுற்றுகிறது. ஒவ்வொன்றாக ஒட்டச் சோம்பல்பட்டு, கணினியில் இருந்த புக்மார்க் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் ஏற்றிவிட்டாள். பதினோரு நாளில் ஏழு பேர் நானூறு பேர் ஆனார்கள்.

அன்று மதியம், யார் யார் எதை எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தவளின் கை நின்றது.

"அக்கா, இங்க வாயேன். நேத்து ஆரம்பிச்ச கணக்கு. நாலே நாலு எடுத்திருக்கு. ஜிப்பு ஒண்ணுகூட இல்ல."

"பின்ன என்ன எடுத்தானாம்?"

"பாப்பா ஸ்கூலு. நம்ம பஸ்ஸு. முக்கு மருந்துக்கடை. லைப்ரரி."

அந்த ஒரே பொத்தானில் ஜிப்போடு சேர்ந்து ஏறிப்போன அவளுடைய சொந்தப் பக்கங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நாலையும் வரைபடத்தில் வைத்துக் கோடு இழுத்தால், நடுவில் அவள் வீடு.

"ஒம்பேரே இல்லாதப்ப எப்படிடி தெரியும்?"

ஜிப்புக்காரி கட்டைவிரலைக் காட்டினாள். கதவிடுக்கில் வைத்துப் புருஷன் நசுக்கியதில் கோணிப்போன விரல். தளத்தில் எல்லாப் படத்திலும் இடுக்கியைப் பிடித்திருப்பது அதுதான்.

"அழிச்சிரு, முதல்ல அழிச்சிரு."

"நம்ம பலகைலதான் அழிக்கலாம்க்கா. அவன் எடுத்தது அவங்கிட்ட இருக்கும்."

புக்மார்க்குக்குக் கீழே குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. பள்ளியின் கீழே அவன் எழுதியிருந்தான்: 3.40, பின்கேட்.

மணி மூன்று ஐந்து. பள்ளிக்கு போன் போட்டாள்.

"ஆமாங்க, காலையிலயே அவங்கப்பா கேட்டாரு, எந்த கேட்டுல விடுவீங்கன்னு" என்றாள் கிளார்க். "ரொம்ப மரியாதையா பேசினாரு."

"பிள்ளைய உங்க ரூம்லயே உக்கார வைங்க. யாரு வந்தாலும் குடுத்துராதீங்க."

"அப்பான்னு சொன்னா..."

"அப்பான்னாலும்."

முன்கேட் வழியாக ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மூன்று முப்பத்தெட்டு. மகள் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அறையின் ஜன்னல் பின்கேட்டைப் பார்த்தபடி இருந்தது. பெல் அடித்தது. பிள்ளைகள் கொத்துக் கொத்தாக வெளியேறினார்கள். ஓரமாக ஒரு முதுகு, அசையாமல்.

"அம்மா, அது அப்பா மாதிரியே..."

ஜிப்புக்காரி மகளின் தலையை மடியில் அழுத்தினாள். கிளார்க் குரலைத் தாழ்த்திப் போலீசிடம் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் வருகிறார்களாம்.

கடைசிப் பிள்ளையும் போயிற்று. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், திரும்பினான், ஜன்னலைப் பார்த்தான். அவசரமே இல்லாமல் உள்ளே நடந்து வந்தான்.

கிளார்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். அது ஒரு விரல் கனம்கூட இல்லை. அவள் தன் மேஜையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் புடிங்க" என்றாள்.