ஆணி வளைந்த பக்கம்

நாளைக் காலை பஸ்ஸில் நர்ஸ் ஐவி மாற்றலாகிச் சாமராஜநகர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பெர்னார்ட் தன் மனதிலிருப்பதைச் சொல்வதென்றால் இன்றுதான் சொல்ல வேண்டும். இத்தனை நாளும் அவன் வேலை செய்யும் படச்சட்டப் பட்டறை வாசலில் அவள் தலை காட்டினாலே, "வார்னிஷ் காயுதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று பின்கட்டுக்கு ஓடியவன் அவன். மைசூரில் அவன் காய வைக்காத வார்னிஷ் பாக்கியில்லை.

இன்று ஓடக்கூடாது என்று தீர்மானித்திருந்தான். துணைக்குப் புது ஆணித் துப்பாக்கி வேறு இருந்தது. முதலாளி மல்லப்பன் பம்பாயிலிருந்து வரவழைத்தது, கம்ப்ரஸர் காற்றில் ஓடுவது. சாய்வாக அறுத்த இரண்டு சட்டங்களை மூலையில் சேர்த்து விசையை அழுத்தினால் போதும், மெல்லிய ஆணி உள்ளே போய்விடும்.

"உஷாரு கணோ! மூலையில மரத்தோட இழை ஆணிய இழுத்துட்டுப் போயிடும். கைய தள்ளி வை" என்று கன்னடம் கலந்து எச்சரித்துவிட்டு மல்லப்பன் சாப்பிடப் போனார்.

ஐவி வந்தாள். அவளுடைய மாதா படத்துக்கான சட்டம் மேஜையில் இறுக்கியிருந்தது.

"இன்னும் முடியலயா?"

"ஒரே மூலைதான்" என்று பெர்னார்ட் அவளைப் பார்த்துக்கொண்டே விசையை அழுத்தினான். டப்! ஆணி வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, அவன் சட்டைக் கையைச் சட்டத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டது. விரலுக்கு ஒன்றுமில்லை. மானம்தான் போயிற்று.

"வார்னிஷ்..." என்று ஆரம்பித்தான். கால் கிளம்பியது, கை வரவில்லை.

ஐவிக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நீங்க எங்கேயும் ஓட முடியாது. சொல்ல வேண்டியத சொல்லுங்க, அப்புறம் பிடுங்கறேன்."

பெர்னார்ட் மாதா படத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினான்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

தெருவில் போன ஜட்காக்காரன் வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தான்.

ஐவி பல் பிடுங்குகிற பக்குவத்தோடு ஆணியைப் பிடுங்கினாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இனிமே ஆணி அடிக்கறப்போ கைய தள்ளி வைங்க" என்றாள், விரலை விடாமலே. "மோதிரம் போட வேண்டிய விரல்."