கம்பளி உறை

விடிவதற்குள் பசை டப்பாக்களைத் திறந்துவிடுவோம். ஸ்டிப் நகரத்துக் காலணித் தொழிற்சாலையில் அதுதான் எங்கள் முதல் வேலை. அடித்தோலில் ஒரு பூச்சு, மேல்தோலில் ஒரு பூச்சு, பிறகு கட்டைவிரலால் ஓர் அழுத்து. காற்றுப் பட்டால் பசை காய்ந்துவிடும் என்று முதலாளி கிரோ ஜன்னலுக்கு ஆணி அடித்திருந்தார். வெயில் ஏறுவதற்குள் பசை வாடையின் இனிப்பு நாக்கில் ஏறிவிடும்.

ரொசிட்சா வந்த பிறகுதான் எங்களுக்கு உட்கார்ந்து பேச ஓர் அறை கிடைத்தது. தொழிலாளர் நலனுக்கென்று நிர்வாகம் வைத்த சமூகப் பணியாளர் அவள். தன் கையாலேயே காப்பி போட்டுத் தருவாள். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு மனதைப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. கணவனின் குடி, பிள்ளையின் இருமல் எல்லாம் அங்கே இறங்கின. குழந்தைகள் காப்பகத்துக்காக அவள் கிரோவிடம் வாதாடி வென்றாள். அதனால்தான் நம்பினோம்.

பக்கத்து மேசையிலிருந்த என்னிடம்கூடச் சொல்லாததை பிளகுனா அங்கேதான் சொல்லியிருக்கிறாள். "விரலுக்குக் கம்பளி உறை மாட்டுன மாதிரி இருக்கும்மா. குத்துனாலும் தெரியல."

ஒரு காலை கிரோ அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"இந்த மாசத்தோட நின்னுக்கோ, பிளகுனா. கம்பளி உறை மாட்டுன கைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நாங்கள் விழித்தோம். ஜூன் மாதத்தில் என்ன கம்பளி உறை? பிளகுனாவின் முகம் மட்டும் வெளிறியது. தூரிகையை வைத்துவிட்டு நேரே அந்த அறைக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"அந்த வார்த்தைய உங்கிட்ட மட்டுந்தாண்டி சொன்னேன்."

ரொசிட்சா மறுக்கவில்லை. பசைதான் காரணம், ஜன்னலைத் திறங்கள் என்று கேட்கத்தான் கிரோவிடம் போனாளாம். யாருக்குக் கை போச்சு என்று அவர் கேட்டாராம். சொல்லிவிட்டாளாம்.

"நீ ஜன்னலத் தொறக்கச் சொன்னே. அவரு எனக்குக் கதவத் தொறந்துட்டாரு," என்றாள் பிளகுனா. "காப்பி மட்டும் நல்லாத்தான் போட்டே."

அன்று வேலை முடிந்து மலையடிவாரச் சாலையில் நடந்தபோது ஒருத்தி தன் கையை நீட்டிக் காட்டினாள். தனக்கும் அப்படித்தான் என்றாள். பிறகு இன்னொருத்தி. என் சுண்டுவிரல் போன குளிர்காலத்திலிருந்தே என்னுடையதில்லை. வேலை போய்விடுமென்று ஆளாளுக்கு மறைத்திருந்தோம்.

மறுநாள் விடியலில் டப்பாக்கள் திறக்கப்படவில்லை. அந்த ஜூன் மாத வெக்கையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த குளிர்காலக் கம்பளி உறைகளை மாட்டிய கைகளை மேசைமேல் வைத்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

"என்ன கூத்து இது? மத்தியானம் லாரி வருது. எனக்குச் செருப்பு வேணும்," என்றார் கிரோ.

"செருப்புக்கு விரல் வேணும் மொதலாளி," என்றாள் பிளகுனா. "எங்க எல்லாருக்கும் இதே கைதான். எல்லாரையும் அனுப்புங்க. இல்லன்னா ஜன்னலத் தொறங்க."

எங்களுக்குப் புத்தி சொல்ல அவர் ரொசிட்சாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வாசலில் நின்று எங்கள் கைகளையே பார்த்தாள்.

"உங்க ரூம்ல சொன்னத இங்கயும் சொல்றேன் சார். பசைதான் காரணம். இவங்க கை மேல தப்பில்ல."

அவளுக்கு யாரும் நாற்காலி நகர்த்தவில்லை. வெளியே போகச் சொல்லவும் இல்லை.

பிளகுனா எழுந்து ஜன்னலிடம் போனாள். உறைக்குள் இருந்த விரல்களுக்கு ஆணியின் தலை பிடிபடவில்லை. நான் என் உறையைக் கழற்றப் போனேன்.

"கழட்டாதடி. அவரு பாக்கட்டும்," என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் ஜன்னல் சட்டத்தைப் பிடித்து இழுத்தோம். ஆணி விடவில்லை. மரம் மட்டும் கிறீச்சிட்டது.