நாலாம் சூளைக்கு மட்டும்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. வேப்பூரிலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பெண் போனில் கத்திக்கொண்டு வந்தாள்: "அத அழிச்சாலும் எர்ரர் காட்டாது சார். அதான் எனக்கு பயமா இருக்குது." அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு இறங்கவேண்டிய ஸ்டாப்பைக் கோட்டைவிட்டேன். சிவசங்கரி என்ற பெயர் நான் வைத்தது. மற்றதும் என் புளுகுதான்.

2

முதல் தொடக்கம்: செம்மண் பூமியில் அந்திச் சூரியன்— வேண்டாம், சகிக்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்: சிவசங்கரியின் கண்கள் குளமா— ஆகவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். சிவசங்கரி ஒரு செராமிக் பட்டறைக்கு புரோகிராம் எழுதுகிறாள். அங்கே நான்கு சூளைகள். நெருப்பு அணைந்தபின் சூளை ஆறவேண்டிய நேரம் முடிந்ததும் அவளுடைய புரோகிராம் பச்சை விளக்கைப் போடும். சூளை வேலை பார்க்கும் வீராயி கதவைத் திறந்து பொம்மைகளை இறக்குவார்.

ஜாவாஸ்கிரிப்டில் இதை நான்கு முறை எழுதவேண்டியதில்லை. புரோட்டோடைப் என்ற பொது இடத்தில் 'பதினெட்டு மணி நேரம்' என்று ஒருமுறை எழுதினால் போதும், நான்கும் அதையே எடுத்துக்கொள்ளும். ஆனால் நாலாம் சூளை பழசு, சுவர் தடிமன், சூடு லேசில் இறங்காது. பதினெட்டில் திறந்ததில் வீராயியின் கை முழங்கை வரை வெந்துபோனது. அன்றைக்கே சிவசங்கரி நாலாம் சூளைக்கு மட்டும் தனி மெத்தட், அதாவது தனிக் கட்டளை, எழுதினாள்: இருபத்தாறு. தனக்கென்று ஒன்று இருந்தால் சூளை பொதுவைத் திரும்பியும் பார்க்காது. அந்தத் தனியை அழித்துவிட்டால்? எர்ரர் என்று கூச்சல் போடாது. சத்தமில்லாமல் பொதுவுக்குப் போய்ப் பதினெட்டை எடுத்துக்கொள்ளும். பச்சை எரியும்.

(வெப்பமானி மாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். அவளும் கேட்டாள். "பாக்கலாம்மா" என்றார் முதலாளி. மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

3

முதலாளி சக்கரபாணிக்கு ஆர்டர் அவசரம்.

"ஏம்மா, நாலாவதுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? நாலும் ஒரே மாதிரி இருக்கணும். இன்னிக்கே மாத்து. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

'சரிங்க சார் என்று அவள் தலைகுனிந்—'

பேனாவை நிறுத்தினேன். இதை நான் எழுதவே இல்லை. கதாநாயகி என்ற புரோட்டோடைப்பில் எவனோ எப்போதோ எழுதிவைத்தது: தலைகுனி, அழு, மன்னிப்புக் கேள். நான் சும்மா இருந்தால் என் சிவசங்கரிக்கும் அதுதான் வந்து சேரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கென்று தனியாக எழுதினேன்.

அவள் நாலாம் சூளையின் தனி மெத்தடை அழித்தாள். அழித்த கையோடு, பொதுவில் இருந்த பதினெட்டை இருபத்தாறு ஆக்கினாள்.

"நாலையும் ஒரே மாதிரி ஆக்கிட்டேன் சார்."

4

அடுத்த முறை சூளைகள் அணைந்து பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. நான்கிலும் சிவப்பு. சக்கரபாணி குதித்துக்கொண்டு வந்தார்.

"வெளக்க வுடு வீராயி. நாலாவதத் தொற."

வீராயி கையுறையைக் கழற்றி அவரிடமே நீட்டினார். "நீங்களே தொறங்க. இதப் போட்டுக்கிட்டுத்தான் அன்னிக்கு எனக்கு வெந்துது."

சக்கரபாணி சிவசங்கரி பக்கம் திரும்பினார். "மாத்தறியா, வூட்டுக்குப் போறியா?"

"போறேன் சார். வேற ஆளு வந்து மாத்தட்டும். நீங்க தொறக்கறத மட்டும் பாத்துட்டுப் போறேன்."

சக்கரபாணி கையுறையை மாட்டிக்கொண்டு கதவின் கைப்பிடியை—

5

முடிக்கமாட்டேன். ஒரு முடிவில் அவர் மனம் திருந்தினார். இன்னொன்றில் சிவசங்கரி சென்னைக்குப் போய்ப் பெரிய ஆளானாள். இரண்டையும் கிழித்துப் போட்டேன். இரண்டும் பொதுவில் கிடப்பவை.

இனி உங்கள் பாடு. இவர்களுக்கென்று ஒரு முடிவு எழுதுங்கள். 'எனக்கென்ன' என்று தாளை மூடிவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். வழக்கமான முடிவு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வேறொரு ஆள் வந்து பதினெட்டு என்று மாற்றுவான், பச்சை எரியும், வீராயி கதவைத் திறப்பார்.

எர்ரர் எதுவும் காட்டாது.