பைக்குள் அடித்த போன்

என் தங்கையின் போன் தரையில் கிடந்த ஒரு துணிப்பைக்குள்ளிருந்து அடித்தது. அழைத்தது நான்தான். காதில் ஒரு மணி, காலடியில் ஒரு மணி. எனக்குச் சட்டென்று புரியவில்லை. வேறு யாரோ அதே ரிங்டோனை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சலித்துக்கொண்டேன். பிறகு பையில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தேன். அவளுடைய மாரத்தான் எண். போன் இங்கே கிடக்கிறது, அவள் எங்கோ நடுச்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

இதில் பதற என்ன இருக்கிறது என்பவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை நோய், ஊசி போட்டால்தான் உயிர். மேல்கையில் பொத்தான் மாதிரி ஒரு வில்லை ஒட்டியிருக்கும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அது அவள் போனுக்குச் சொல்லும், அவள் போன் என் போனுக்குச் சொல்லும். சர்க்கரை இறங்கினால் இரண்டும் சேர்ந்து அலறும். மற்றவர்களுக்கென்றால் வியர்க்கும், கை நடுங்கும், உடம்பே எச்சரித்துவிடும். இவள் உடம்புக்கு அந்த மரியாதையெல்லாம் போய்ப் பல வருஷமாகிறது. போன் சொன்னால் உண்டு. இல்லையென்றால், சுருண்டு விழும் வரை நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பாள்.

புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வருகிற ஓட்டமாக இருந்தால் இந்த வம்பே இல்லை. இது அணைக்கட்டில் தொடங்கி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளித் துறைமுகத்தில் முடிகிற மாரத்தான். ஓடுகிறவர்களை விடிவதற்குள் துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி அணைக்கட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அங்கே குளிர் எலும்பைத் தின்னும் என்பதால், போனால் போகட்டும் என்று ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள், உடம்பு சூடானதும் வழியில் கழற்றி எறிந்துவிடுவார்கள். மாற்றுத் துணி, செருப்பு எல்லாம் எண் ஒட்டிய பையில். அந்தப் பைகளை ஒரு லாரி கால்வாய்ச் சாலை வழியாகத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, கிடங்கு வாசலில் வரிசையாக அடுக்கும்.

எனக்குப் பஸ் டெப்போவில் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று விசிலடிக்கிறவள் நான். அதனால் வீட்டிலும் நான்தான் டைம் ஆபீஸ். அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நடக்கிற நடையை வைத்து அவளுக்கு நான் வைத்த பெயர் வாத்து. வாத்து மாரத்தான் ஓடப்போகிறேன் என்றபோது முதலில் சிரித்தேன், பிறகு கத்தினேன், கடைசியில் நானே திட்டம் போட்டுக் கொடுத்தேன். இடுப்பில் ஒரு பெல்ட், அதில் போன், குளுக்கோஸ் பாக்கெட்டுகள், சின்ன ஜூஸ் டப்பா. "செத்தாலும் பெல்ட்டைக் கழட்டாதே" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினேன்.

காலையிலிருந்து என் போன் 'தொடர்பு இல்லை' என்றே காட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் ஒரே இடத்தில் நின்று போனை நோண்டினால் டவர் என்ன செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லாரியும் வந்தபாடில்லை. வழியில் ஒரு பாலத்தை மூடிவிட்டார்களாம். முதலில் ஓடி முடித்த சூரர்கள் ஈர பனியனோடு நடுங்கிக்கொண்டு, பை எங்கே பை எங்கே என்று அலைந்தார்கள். ஒரு வண்டியை நேரத்துக்கு ஓட்டத் தெரியாதவர்களெல்லாம் மாரத்தான் நடத்துகிறார்கள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருந்தேன். லாரி வந்து, பைகளை இறக்கி அடுக்கினார்கள். சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே என்று அவளை அழைத்தேன். அப்போதுதான் பை அடித்தது.

முடிச்சை அவிழ்த்தேன். மேலாகவே பெல்ட் கிடந்தது. போன், குளுக்கோஸ், ஜூஸ், நான் வைத்தது வைத்தபடி. பக்கத்தில் ஒருவர் தன் பையிலிருந்து துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே, "என்னங்க, பை மாறிப்போச்சா?" என்றார். பெல்ட்டை உருவித் தோளில் மாட்டிக்கொண்டு அமைப்பாளர்களின் பந்தலுக்கு ஓடினேன்.

பந்தலில் வாக்கிடாக்கியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் எண்ணைச் சொல்லி, விஷயத்தைச் சொல்லி, முன்னுக்குப் பின் முரணாக எல்லாவற்றையும் கொட்டினேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டு, ஒவ்வொரு தண்ணீர் மேஜையாக விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்துட்டாங்க மேடம். முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் மேஜையில. ஒரு கவலையும் வேண்டாம், நல்ல தெம்பா இருக்காங்க."

"ஜூஸ் குடிச்சாளா?"

"நீட்டியிருக்காங்க. தட்டி விட்டுட்டாங்களாம்." சிரித்தார். "அங்க இருந்த அத்தனை பேரையும் கன்னாபின்னான்னு திட்டிட்டு ஓடிட்டாங்களாம். அவ்வளவு தெம்பு!"

என் தங்கை வெளியாட்களைத் திட்டமாட்டாள். அதே கண்ணாடியை ஆறு தடவை கொண்டுவந்து சண்டை போடுகிற ஆளிடமும் "உக்காருங்க சார்" என்று சிரிப்பவள் அவள். திட்டுவதெல்லாம் என்னைத்தான். அவள் ஊரைத் திட்டுகிறாள் என்றால் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

"ஐயோ, அது தெம்பு இல்லைங்க! சர்க்கரை இறங்கினாதான் அவ அப்படிச் சண்டை போடுவா!"

"மேடம், முப்பது கிலோமீட்டர் ஓடினா எல்லாருமேதான் சண்டை போடுவாங்க."

"ஆம்புலன்ஸ் அனுப்புங்க."

"சொல்றேன். ரெண்டு வண்டியும் இப்ப வேற ஆளுங்களைத் தூக்கப் போயிருக்கு. முதலுதவி பைக் ஒண்ணு இருக்கு, அதுக்குச் சொல்றேன். நீங்க பதறாம உக்காருங்க."

உட்காரச் சொன்னால் உட்காருகிற ஜாதி இல்லை நான். என் காரை எடுக்க முடியாது, துறைமுகச் சாலை முழுக்கக் கயிறு. கிடங்கு ஓரத்தில் பை லாரி காலியாக நின்றது. டிரைவர் முன் சீட்டில் காலை நீட்டி பன் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, முப்பத்திரண்டாவது கிலோமீட்டருக்குப் போகணும்."

"பையெல்லாம் இறக்கியாச்சேம்மா."

"பை இல்லண்ணே. என் தங்கச்சி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மிச்சப் பன்னை வாயில் திணித்துக்கொண்டு சாவியைத் திருகினார்.

கால்வாய்ச் சாலையில் வண்டி குலுங்கிய குலுக்கலில் நான் பேசியது பாதி அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் பேசிக்கொண்டே வந்தேன். வாயை மூடினால் அழுதுவிடுவேன் என்று பயம். மாரத்தான் நடத்தியவர்களைத் திட்டினேன், பாலத்தை மூடியவர்களைத் திட்டினேன், பெல்ட்டை மறந்த கழுதையைத் திட்டினேன். "என் சம்சாரமும் பசிச்சா கடிச்சுத் துப்பிடும்மா" என்றார் ஆறுதலாக. "இது பசி இல்லண்ணே" என்றேன். அவர் வேகத்தைக் கூட்டினார். குறுக்குச் சந்து ஒன்றில் திருப்பி, கயிறு கட்டிய முனையில் நிறுத்தினார்.

மரக்கடை, மூடிய வங்கி, இரண்டு பக்கமும் ஜனங்கள். நடுவில் ஆறாக ஓடிவருகிறார்கள். அணைக்கட்டுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அவள் இல்லை. எனக்குப் பின்னால், துறைமுகப் பக்கம், திடீரென்று கைதட்டல் எழுந்தது. சிரிப்பு, விசில். "அப்படிப் போடு!" என்று ஒருவன் கத்தினான். திரும்பினேன்.

என் தங்கை எதிர்த்திசையில் ஓடிவந்துகொண்டிருந்தாள்.

வருகிறவர்கள் எல்லாரும் துறைமுகத்தை நோக்கி வர, இவள் ஒருத்தி மட்டும் அவர்களைக் கிழித்துக்கொண்டு அணைக்கட்டை நோக்கி ஓடினாள். மோதாமல் எல்லாரும் ஒதுங்கினார்கள். ஏதோ வேடிக்கைக்குச் செய்கிறாள் என்று நினைத்து ஜனங்கள் தட்டினார்கள், ஒருவர் போனில் படம்கூடப் பிடித்தார். அவள் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கண் எங்கேயோ நிலைகுத்தி இருந்தது.

கயிற்றுக்கு அடியில் நுழைந்து அவள் தோளைப் பிடித்தேன்.

"வாத்து! நில்லுடி!"

"விடு! யாரு நீ? விடு என்னை!"

கன்னத்தில் விழுந்த அறையில் எனக்குப் பொறி கலங்கியது. பெல்ட்டிலிருந்து ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துக் கிழித்து அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் கூச்சலிட்டாள். அதற்குள் மஞ்சள் சட்டை போட்ட பாதுகாப்பு ஆட்கள் இரண்டு பேர் பாய்ந்து வந்து பிடித்தார்கள். அவளை இல்லை, என்னை.

"ஓடுறவங்களைத் தொடக் கூடாதுங்க! என்ன குடுக்கிறீங்க அவங்களுக்கு?"

"குளுக்கோஸ்ங்க! அவ அக்கா நான்!"

"அவங்க உங்களைத் தெரியவே தெரியாதுங்கிறாங்களே?"

என்னை இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருக்க, அவள் தள்ளாடியபடி மறுபடி ஓடப் பார்த்தாள். இரண்டடி வைத்து மரக்கடை வாசல் படியில் போய் மோதி உட்கார்ந்தாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. லாரி டிரைவர், "அட, அக்கா தங்கச்சிதான்ப்பா, விடுங்கப்பா!" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மன்றாடினார். அவரை யார் கேட்டார்கள்.

இழுபறியில் என் தோளிலிருந்த பெல்ட் அவள் காலடியில் விழுந்திருந்தது. அதிலிருந்த போன் அலறத் தொடங்கியது. கையில் இருக்கிற வில்லை பக்கத்தில் வந்ததும் அது விழித்துக்கொண்டது. சாதாரண மணி இல்லை அது, தீயணைப்பு வண்டிச் சத்தம். என் பையிலிருந்த போனும் சேர்ந்து அலறியது. மஞ்சள் சட்டைக்காரர்களில் ஒருவர் குனிந்து திரையைப் பார்த்தார். சிவப்பில் நாற்பத்தொன்று. நூறு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று. அவர் என் கையை விட்டுவிட்டார்.

அவள் முன்னால் போய் மண்டியிட்டேன். கொடுத்தால் துப்புவாள் என்று எனக்குத் தெரியும். இதற்கு ஒரே வழி, சின்ன வயதில் கண்டுபிடித்தது. ஜூஸ் டப்பாவில் குழாயைக் குத்தி என் வாயில் வைத்துக்கொண்டேன்.

"இது என்னோடது. உனக்குக் கிடையாது. தொட்டே, கையை உடைப்பேன்."

வெடுக்கென்று பிடுங்கினாள். என்னை முறைத்துக்கொண்டே முழுவதையும் உறிஞ்சினாள். பாக்கெட்டையும் பிடுங்கி நக்கினாள். நான் அங்கேயே, நடுச்சாலையில், விக்கி விக்கி அழுதேன்.

முதலுதவிப் பெண் பைக்கில் வந்து சேர்ந்தபோது எண் எழுபதைத் தாண்டியிருந்தது. விரலில் குத்திப் பார்த்து, போர்வை போர்த்தி, "இன்னிக்கு ஓட்டம் இதோட போதும்" என்றார். தங்கை தலையாட்டினாள். நினைவு திரும்பத் திரும்ப அவள் முகமும் இறுகிக்கொண்டே வந்தது.

"நான் எந்தப் பக்கம் ஓடிட்டிருந்தேன்?"

"திரும்பி. அணைக்கட்டுப் பக்கம்."

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு இப்போதுதான் கோபம் வரக் கொஞ்சம் இடம் கிடைத்தது.

"பெல்ட்டைப் போய்ப் பையில போடுவாங்களாடி? அப்படி என்ன மறதி?"

"மறக்கல."

"என்ன?"

"நானாத்தான் கழட்டிப் போட்டேன். ரெண்டு பாக்கெட்டை மட்டும் எடுத்து ஸ்வெட்டர் பையில வெச்சேன். ஓடினதும் சூடாச்சு, எல்லாரும் ஸ்வெட்டரைக் கழட்டி எறிஞ்சாங்க. நானும் எறிஞ்சேன். அதுதான் மறதி. போனு மறதி இல்ல."

"ஏன்டி?"

அவள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி, திட்டாமல், சத்தமில்லாமல் சொன்னாள்.

"கடையில யாராவது பிறந்தநாள்னு ஒரு துண்டு கேக் தந்தா, விழுங்கறதுக்குள்ள உன் போன் வருது. அது என் இடுப்புல இருந்தா நீயும் என் இடுப்புல இருக்கே. ஒரு தடவையாவது நீ இல்லாம ஓடிப் பார்க்கணும்னு இருந்தது."

"செத்திருப்படி!"

"ம்."

"பயமே இல்லையா உனக்கு?"

"கிளம்பறப்ப இருந்தது. ரொம்ப இருந்தது. ஆனா அது என் பயம்க்கா. இத்தனை வருஷமா அதைக்கூட நீதானே பட்டுட்டிருந்தே."

டெப்போவில் எத்தனையோ டிரைவர்கள் என்னை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள். ஒருவருக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை நான். இப்போது போர்வையின் நுனியை இழுத்து அவள் காலை மூடினேன். அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. யாரு நீ என்று அவள் கத்தியபோது எனக்கு வலிக்கவில்லை. அப்போது பேசியது சர்க்கரை. இது என் தங்கை, முழு நினைவோடு.

முதலுதவிப் பெண் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். "மறுபடி இறங்கலாம். கொஞ்ச நேரத்துக்கு யாராவது இவங்களைப் பார்த்துட்டே இருக்கணும். யாரு இருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை கையை நீட்டினாள். கயிற்றோரம் நின்ற லாரி டிரைவரைக் காட்டினாள்.

"இந்த அண்ணன் இருக்கட்டும்."

டிரைவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் போனையும் மிச்ச பாக்கெட்டுகளையும் அவர் கையில் கொடுத்தேன். எழுபதுக்குக் கீழே வந்தால் கொடுக்க வேண்டும், மாட்டேன் என்று திட்டினால் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் இரண்டையும் பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன் சீட்டில் உட்கார வைத்தார்.

முன்னால் மூன்று பேர் உட்கார இடம் இருந்தது. நான் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் ஏறினேன். பைகளெல்லாம் இறங்கிப்போன வெறும் பலகை. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகரம், அதில் ஜன்னல்கூட இல்லை. வண்டி கிளம்பியது. ஒவ்வொரு குழிக்கும் அவள் தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ, கண் திறந்திருக்கிறதோ, ஒன்றும் தெரியவில்லை. பையில் என் போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவும், தகரத்தைத் தட்டி எத்தனை என்று கேட்கவும் கை பரபரத்தது.

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.