சூடானால் நின்றுவிடும் வண்டி

மூன்றாவது முறையாக வண்டி அணைந்தபோது மெக்கானிக் பின்சீட்டில் சவாரிக்காரரைப் போலக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஓட்டியது அவர் மனைவி. டாக்சி அவளுடையது. கோளாறு என்னவென்று பார்க்க ஒரு மணி நேரமாக மரநிழல் விழுந்த சாலையில் எங்கும் போகாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் இலைகள் ஓடிய ஓட்டத்தில் அவருக்குக் கண் செருகியிருந்தது. சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டார்.

ஊரார் வண்டியென்றால் அவர் லேசில் ஸ்பானரைத் தொடமாட்டார். முதலில் ஓட்டிப் பார்ப்பார். பிறகு நீள ஸ்க்ரூடிரைவரை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். நோய் தெரியாமல் மருந்து கொடுக்கிறவர்கள் என்று மற்ற பட்டறைக்காரர்களைக் கிண்டலடிப்பார். மனைவியின் வண்டிக்கு மட்டும் எதையும் பார்க்காமல் பிளக் மாற்றினார், இக்னிஷன் காயிலை மாற்றினார், பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

"இன்னைக்கும் என்னன்னு தெரியலைன்னா சாவியைத் தூக்கிப் போட்டுட்டுப் பழையபடி வீட்டோட இருந்துடறேன்" என்று காலையில் அவள் சொன்னாள். அதைக் கேட்டு அவர் மனசு ஒரு நொடி இனித்தது. அந்த இனிப்புதான் நாள் முழுக்க அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அவள் ஓட்டத் தொடங்கியதிலிருந்து சாயங்காலங்களில் வீடு வெறிச்சென்று இருந்தது. அவள் இல்லாத வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இறங்கி பானெட்டைத் தூக்கினார். அவள் மறுபடி கிளப்பினாள். என்ஜின் தள்ளாடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். தள்ளாட்டத்துக்கு அடியில், யாரோ பல்லிடுக்கில் மூச்சு இழுப்பதுபோல ஒரு மெல்லிய சீறல். விரலால் தேடினார். ரப்பர்க் குழாய் ஒன்றில் நகக்கண் அளவு கீறல். விரலை அழுத்தினார், என்ஜின் சமாதானமாகி ஒரே சீராக ஓடியது. எடுத்தார், தள்ளாடியது. மறுபடி அழுத்தினார்.

"என்னங்க, தெரிஞ்சுதா?"

நடுவில் பானெட் மறைத்தது. என்ஜின் போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்புவாள். நுனி நாக்குவரை வந்துவிட்டது.

"ரப்பர்க் குழாயில கீறல். சூடானா விரிஞ்சு காத்தை இழுக்குது. இப்ப விரலால அடைச்சிருக்கேன். வேற ஒண்ணுமில்ல" என்றார். அது போதாதென்று தோன்றியது. "முதல் நாளே கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நான்தான் கேக்கல. நீ வீட்டுல இருந்தா நல்லாருக்கும்னு இருந்துச்சு."

அவள் என்ஜினை அணைக்கவில்லை.

"விரலை எடுக்காதீங்க. கொஞ்ச நேரம் இப்படியே ஓடட்டும்."

விரல் சுட்டது. அவர் எடுக்கவில்லை. பானெட்டின் அடியிலிருந்த இடுக்கு வழியே அவள் கைகள் மட்டும் தெரிந்தன. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, மெல்ல மடிக்கு இறங்கின.